பரீட்சை இல்லை... ஆனாலும் விடிய விடிய படிப்பு! யூதர்களின் தூங்கா இரவு பற்றித் தெரியுமா?

விடிய விடிய கண் முழிச்சுப் படிச்ச அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். மறுநாள் எக்ஸாம், பாதி சிலபஸ் பாக்கி, பக்கத்தில் ஆறிப்போன டீ. எக்ஸாம் முடிஞ்ச கையோடு படிச்சதெல்லாம் மறந்தும் போயிடும்.

ஆனா, பரீட்சையே இல்லாம, மார்க் போட ஆளே இல்லாம, ராத்திரி முழுக்க உட்கார்ந்து படிக்கிறதையே ஒரு பண்டிகையா கொண்டாடுறவங்களும் இருக்காங்க. யூதர்களின் 'ஷாவுவோத்' பண்டிகைதான் அது. அன்றைக்கு அவர்கள் படிப்பது தோராவை. பண்டிகை அன்னிக்கு எதுக்குப் படிப்பு? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

அதென்ன ஷாவுவோத்?

ஹீப்ரு மொழியில் ஷாவுவோத் என்றால் 'வாரங்கள்'. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பாஸ்கா பண்டிகையின் இரண்டாம் இரவிலிருந்து, யூதர்கள் ஒவ்வோர் இரவாக எண்ணத் தொடங்குவார்கள். ஏழு வாரங்கள், 49 நாள்கள். 50-வது நாள் ஷாவுவோத். கிறிஸ்தவர்களின் 'பெந்தெகொஸ்தே' என்ற பெயரும் 'ஐம்பதாவது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். நம்ம காலண்டர்படி மே பாதிக்கு மேல், ஜூன் பாதிக்குள் இந்தப் பண்டிகை வரும்.

பைபிளில் இது அறுவடைத் திருநாள். விளைச்சலின் முதல் கனிகளை ஜெருசலேம் ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுபோவார்கள். கி.பி. 70-ல் ரோமானியப் படை அந்த ஆலயத்தை அழித்துவிட்டது. ஆலயமே இல்லைன்னா காணிக்கையை எங்கே கொண்டுபோறது?

பாஸ்காவுக்குப் புளிப்பில்லாத அப்பம் இருக்கிறது. ஹனுக்காவுக்கு விளக்கு இருக்கிறது. ஷாவுவோத்துக்கு அப்படிக் கையில் பிடிக்க ஒரு பொருளும் மிஞ்சவில்லை. மிஞ்சியது ஒரு புத்தகம் மட்டும்தான். சீனாய் மலையில் மோசே வழியாகத் தோரா கொடுக்கப்பட்டது இந்த நாளில்தான் என்று யூத குருமார்களான ரபிகள் சொன்னார்கள். அறுவடைத் திருநாள், புத்தகத் திருநாளாக மாறியது இப்படித்தான். கட்டடத்தை இடிக்கலாம், ஊரை விட்டுத் துரத்தலாம். ஆனா, படிச்சு மனசுக்குள்ள வெச்சிருக்கிறதை என்ன செய்ய முடியும்?

ஓர் எழுத்து அழிந்தாலும்...

ஆதியாகமம் தொடங்கி உபாகமம் வரையிலான ஐந்து நூல்கள்தான் தோரா. ஜெப ஆலயத்தில் வாசிக்கிற பிரதி, இன்றைக்கும் தோல் சுருளில் கையால்தான் எழுதப்படுகிறது. மொத்தம் 3,04,805 எழுத்துகள். அதில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டாலோ, அழிந்துபோனாலோ, சரிசெய்யும் வரை அந்தச் சுருளை வாசிக்கப் பயன்படுத்த மாட்டார்கள்.

'சரி, இவ்வளவு கண்டிப்பா காப்பாத்துற புத்தகத்தை, கேள்வி கேட்காம அப்படியே மனப்பாடம் பண்ணுவாங்க போல' என்றுதானே நினைக்கத் தோன்றுகிறது? நடப்பது நேர்மாறு. எழுத்தில் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், அதன் பொருளைப் பற்றிக் கேள்வி கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. தோராவின் சட்டங்களைப் பற்றி ரபிகள் நடத்திய விவாதங்களின் தொகுப்புதான் தல்மூத். பாபிலோனியத் தல்மூத்தின் அச்சுப் பக்கத்தைப் பார்த்தால் நடுவில் மூலம், இரண்டு பக்கமும் உரைகள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்க, அதை மூன்றாமவர் மறுக்க, பல நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர்கள் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

தூங்கிப்போனதுக்குப் பரிகாரம்!

ஷாவுவோத் இரவில் ஏன் தூங்குவதில்லை? இதற்கு ஒரு பழங்கதை சொல்கிறார்கள். சீனாய் மலையில் தோராவைப் பெற வேண்டிய நாளில், மக்கள் எல்லோரும் நல்லா தூங்கிட்டாங்களாம். மோசேதான் போய் எழுப்ப வேண்டியிருந்ததாம். அந்தத் தவற்றைச் சரிசெய்யத்தான் பின்னாளில் வந்தவர்கள் கண் விழிக்கிறார்களாம். இந்த வழக்கத்துக்கு 'திக்கூன்' என்று பெயர். 'சரிசெய்தல்' என்பது இதன் பொருள்.

16-ம் நூற்றாண்டில், ஒட்டோமான் பேரரசில் வாழ்ந்த யோசேப் காரோ, சாலமன் அல்கபேட்ஸ் ஆகிய இரண்டு அறிஞர்களும் அவர்களுடைய நண்பர்களும் இப்படி ஓர் இரவைக் கழித்தார்கள். அதைப் பற்றி அல்கபேட்ஸ் எழுதிய கடிதம் இந்த வழக்கத்தைப் புகழ்பெறச் செய்தது. அது பரவியதில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு. வேற யாரும் இல்லை, காபிதான்! யூதர்களின் இரவு வழிபாடுகள் பெருகியதற்கும் அந்தக் காலத்தில் காபி பரவியதற்கும் தொடர்பு இருப்பதாக வரலாற்றாளர் எலியட் ஹோரோவிட்ஸ் 1989-ல் எழுதியிருக்கிறார்.

இன்றைக்கும் அந்த இரவில் காபி உண்டு. கூடவே சீஸ் கேக். ஷாவுவோத் அன்று பால் உணவுகள் சாப்பிடுவது பரவலான வழக்கம். இடைக்கால ஜெர்மனியில் இன்னும் இனிப்பான ஒரு வழக்கம் இருந்தது. குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தல் இந்த நாளில் நடக்கும். பலகையில் எழுதிய எழுத்துகள் மேல் தேனைத் தடவி, குழந்தையை நக்கச் சொல்வார்கள். முதல் எழுத்தே இனிப்பாக இருக்க வேண்டுமாம்.

நோட்ஸ் எடுக்க முடியாது, போனும் கிடையாது

சூரியன் மறைந்ததும் பண்டிகை தொடங்கிவிடும். வீட்டில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஜெப ஆலயத்துக்கோ, நண்பர் வீட்டுக்கோ கிளம்புவார்கள். சிலர் ரபி நடத்தும் வகுப்பில் உட்காருவார்கள், சிலர் இரண்டிரண்டு பேராகப் புத்தகத்தை விரிப்பார்கள். மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறவர்கள் பண்டிகை நாளில் எழுத மாட்டார்கள், போனையும் தொட மாட்டார்கள். அதனால் நோட்ஸ் எடுக்கிறது, போட்டோ பிடிக்கிறது, கூகுள் பண்ணுறது எதுவும் கிடையாது. படிக்க வேண்டியதை முன்னாடியே அச்சடித்து வைத்திருப்பார்கள். எதிரில் இருக்கிற ஆள்தான் சர்ச் இன்ஜின்.

நள்ளிரவு தாண்டினால் கொட்டாவி, இன்னொரு காபி, இன்னொரு கேள்வி. ஜெருசலேமில் விடியலுக்கு முன்பே மக்கள் கூட்டம் கூட்டமாக மேற்குச் சுவரை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவார்கள். காலைத் தொழுகையில் பத்துக் கட்டளைகள் வாசிக்கப்படும். பண்டிகையின்போது ரூத்தின் கதையையும் வாசிப்பார்கள். ரூத் யூதப் பெண்ணாகப் பிறந்தவள் இல்லை. மோவாப் நாட்டு விதவை. தானாக விரும்பி இந்த மக்களோடு சேர்ந்தவள். தாவீது ராஜாவின் கொள்ளுப்பாட்டி.

தலையாட்டுற நண்பன் வேண்டாம்!

யூதப் படிப்பின் உயிர்நாடி 'ஹவ்ரூத்தா'. அரமேயத்தில் 'தோழமை' என்று பொருள். இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் சத்தமாக வாசித்து, தனக்குப் புரிந்ததைச் சொல்வார். அதில் ஓட்டை கண்டுபிடிப்பது மற்றவர் வேலை. இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்குத் தல்மூத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

ரபி யோகனான் பெரிய அறிஞர். ரேஷ் லாகிஷ் ஒரு கொள்ளைக்காரன். இருவரும் யோர்தான் நதியில் சந்தித்தார்கள். யோகனான் அவனைப் படிப்பின் பக்கம் இழுத்தார், தன் தங்கையையும் கட்டிக்கொடுத்தார். கொள்ளைக்காரன் பெரிய அறிஞனாகி, யோகனானுக்கு இணையாக விவாதிக்கத் தொடங்கினான். ஒருநாள், வாளும் கத்தியும் எந்தக் கட்டத்தில் முழுமையடைந்ததாகக் கருதப்படும் என்று வாதம். ரேஷ் லாகிஷ் மறுத்துப் பேசியதும், 'கொள்ளைக்காரனுக்குத்தானே அந்தத் தொழில் தெரியும்' என்கிற மாதிரி யோகனான் குத்திக்காட்டிவிட்டார். கருத்தைப் பற்றிய பேச்சு, ஆளைப் பற்றிய பேச்சாக மாறிய அந்த நொடியில் எல்லாம் உடைந்தது. மனம் ஒடிந்த ரேஷ் லாகிஷ் நோயில் விழுந்து இறந்துபோனார்.

யோகனான் துடித்துப்போனார். அவரைத் தேற்ற எலெயாசார் என்ற கெட்டிக்கார அறிஞரை அனுப்பினார்கள். யோகனான் எதைச் சொன்னாலும், 'நீங்கள் சொல்வது சரி, இதோ ஆதாரம்' என்பார் அவர். யோகனானுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா? ரேஷ் லாகிஷ் என்றால் 24 மறுப்பு சொல்வான், நான் 24 பதில் சொல்வேன், அதில்தான் விஷயம் துலங்கும் என்று புலம்பினார். நண்பனைத் தேடி அழுதே புத்தி பேதலித்து, அவரும் இறந்துபோனார்.

நம்ம டைம்லைன் முழுக்க எலெயாசார்கள்தான். நாம் லைக் போட்டதையே திரும்பத் திரும்பக் காட்டும் அல்காரிதமும் அதே ஜாதிதான். 24 மறுப்பு சொல்லுற ஒரே ஒரு ஃப்ரெண்ட் உங்களுக்கு இருக்காங்களா? அவங்களை மியூட் பண்ணாம வெச்சிருக்கீங்களா?

எப்படி எதிர்வாதம் செய்ய வேண்டும் என்பதற்கும் தல்மூத்தில் பதில் உண்டு. ஹில்லேல், ஷம்மாய் என்ற இருவரின் சீடர்கள் மூன்று ஆண்டுகள் ஒரு விஷயத்தில் மோதினார்களாம். இரண்டு பக்கமும் இறைவனின் சொல்தான், ஆனால் நடைமுறையில் ஹில்லேல் பக்கத்தைப் பின்பற்றுங்கள் என்று வானிலிருந்து ஒரு குரல் வந்ததாம். காரணம் என்ன தெரியுமா? அவர்கள் பணிவானவர்கள், எதிராளியின் கருத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் தங்கள் கருத்தைச் சொல்வார்கள்.

மேஜையில் யாருக்கு இடம்?

இவ்வளவு அழகான மேஜையில் பல நூற்றாண்டுகளாகப் பெண்களுக்கு இடம் இருந்ததில்லை. குறிப்பாக, தல்மூத் படிப்பு ஆண்களுக்கு மட்டும் என்றே இருந்தது. 1917-ல் போலந்தின் கிராகோவ் நகரில், தையல் தொழில் செய்த சாரா ஷெனிரர், பெண் குழந்தைகளுக்குத் தோரா கற்பிக்கப் பள்ளி தொடங்கினார். அங்கேயும் தல்மூத் கிடையாது. ஆனால், ஒரு கதவு திறந்தது.

1923-ல் ரபி மேயர் ஷபிரோ ஒரு யோசனை சொன்னார். உலகம் முழுக்க இருக்கும் யூதர்கள் தினம் தல்மூத்தின் ஒரே தாளைப் படிக்க வேண்டும். மொத்தம் 2,711 தாள்கள். முடிக்க ஏறக்குறைய ஏழரை ஆண்டுகள் ஆகும். 2020 ஜனவரியில் ஒரு சுற்று முடிந்தபோது, ஜெருசலேமில் சுமார் 3,000 பெண்கள் கூடி, தாங்கள் படித்து முடித்ததைக் கொண்டாடினார்கள். தல்மூத்தைப் பெண்களுக்குக் கற்பிக்காத பிரிவினர் இன்றும் உண்டு. அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

கொடுத்தது ஒருநாள்... வாங்குவது?

தொழுகை நூலில் ஷாவுவோத்தை, தோரா 'கொடுக்கப்பட்ட' காலம் என்றுதான் குறிப்பிடுகிறார்கள். 'பெறப்பட்ட' காலம் என்று சொல்வதில்லை. இதற்கு ஓர் அழகான விளக்கம் உண்டு: கொடுத்தது ஒருநாள் நடந்த விஷயம், பெற்றுக்கொள்வது ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டிய விஷயம். அப்பா அம்மா வீட்டு அலமாரியில் புத்தகம் இருக்கிறது என்பதாலேயே அது நமக்குச் சொந்தமாகிவிடாது. நாமே எடுத்து, விரித்து, கேள்வி கேட்டுச் சண்டை போட்டால்தான் அது நம்முடையது. அந்தத் தூங்கா இரவின் அர்த்தம் இதுதான்.

இதை முயன்று பார்க்க யூதராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்களுக்குப் பிடித்த புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம், மறுத்துப் பேசத் தயங்காத ஒரு ஃப்ரெண்ட், பக்கத்து ரூமில் வைத்துவிட்ட போன். இது போதும். ஒருமணி நேரம் பேசிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்லணும். தல்மூத்தின் ஒரு நூலைப் படித்து முடித்ததும் யூதர்கள் 'ஹத்ரான்' என்று தொடங்கும் ஒரு சிறு உரையைச் சொல்வார்கள். 'முடித்துவிட்டோம்' என்பதல்ல அந்தச் சொல்லின் பொருள். 'திரும்பி வருவோம்' என்பதுதான்.