ஞாபக மறதி நோயும் மூலிகைச் சத்துகளும்

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் கிழக்கெல்லையில், மழை மறைவுச் சரிவில் அமைந்த மலையூர் காந்தலூர். இவ்வூரின் பூண்டு வட்டவடைப் பூண்டுடன் சேர்த்துப் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. மறையூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களைப் போல இங்கும் தமிழும் மலையாளமும் கலந்து வழங்குகின்றன. இதனால் மூலிகைப் பெயர்களில் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. தமிழில் வல்லாரை எனப்படுவது மலையாளத்தில் முத்திள் ஆகும். மலையாளத்தில் பிரம்மி எனப்படுவதோ தமிழின் நீர்ப்பிரமி. வட இந்தியாவில் பல இடங்களில் வல்லாரையையே பிரம்மி என்கின்றனர். இரண்டுமே நினைவாற்றலைப் பெருக்கும் என்று மக்கள் நம்புவதால், ஒன்றைக் கேட்டு மற்றொன்றைப் பெற்றுவருவது எளிதில் நிகழக்கூடியதே.

செடிகளைப் பிரித்தறிவது கடினமன்று. வல்லாரையின் இலை நீண்ட காம்புடன், வட்டமாகவோ சிறுநீரக வடிவிலோ, விளிம்பில் பற்களுடன் இருக்கும். நீர்ப்பிரமியின் இலைகள் சிறியவை, சதைப்பற்றுள்ளவை, காம்பற்று எதிரெதிராக அமைந்தவை. பூக்கள் வெண்மையாகவோ வெளிர் ஊதாவாகவோ இருக்கும்.

முதியோரைப் பீடிக்கும் ஆல்சைமர் நோயை இச்செடிகள் குணப்படுத்துமா என்னும் கேள்வி அடிக்கடி எழுகிறது. 1906ஆம் ஆண்டில் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் ஆல்சைமர் இந்நோயை முதன்முதலில் விவரித்தார். மூளையில் பீட்டா அமிலாய்டு என்னும் புரதம் திட்டுத்திட்டாகப் படிகிறது. டௌ என்னும் மற்றொரு புரதம் நரம்புச் செல்களுக்குள் சிக்கலாக முறுக்கிக்கொள்கிறது. செல்கள் படிப்படியாக மடிகின்றன. 2023இல் வெளியான ஓர் ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோய்கள் ஏதேனும் ஒன்றினால் பாதிக்கப்பட்டுள்ளனர். இவற்றுள் ஆல்சைமர் நோயே மிகுதியாகக் காணப்படுவது.

தாவரங்கள் இந்நோய்க்கு மருந்து தந்ததுண்டு. ஆல்சைமர் நோயாளியின் மூளையில், ஒரு நரம்புச் செல்லிலிருந்து அடுத்ததற்குச் செய்தி கடத்தும் அசெட்டைல்கோலின் என்னும் பொருள் குறைந்துவிடுகிறது. அதனைச் சிதைக்கும் நொதியைத் தடுத்தால், எஞ்சியுள்ளது சிறிது நேரம் கூடுதலாக வேலை செய்யும். மேற்கு ஆப்பிரிக்காவின் காலபார் பகுதியில் குற்றவாளியைக் கண்டறியும் சோதனைக்கு ஒரு கொடிய அவரை விதையை உண்ணக் கொடுத்து வந்தனர். அவ்விஷ விதையிலிருந்து 1864இல் பிரித்தெடுக்கப்பட்ட பைசாஸ்டிக்மின் இந்நொதியைத் தடுப்பது. அதன் அமைப்பைத் தழுவி உருவாக்கப்பட்ட ரிவாஸ்டிக்மின் 2000ஆம் ஆண்டிலும், ஸ்னோடிராப் செடியில் முதலில் கண்டறியப்பட்ட காலந்தமின் 2001ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. ஆயினும் இவை நோயை நிறுத்துவதில்லை. சிலருக்கு நினைவும் அன்றாடச் செயலும் சற்றுக் காலம் தாழ்ந்து குன்றுகின்றன, அவ்வளவே. குமட்டல், நாடித் துடிப்புக் குறைதல் ஆகியவையும் நேரலாம். எனவே விதையையோ கிழங்கையோ வீட்டில் அரைத்து உண்பது இம்மருந்துகளுக்கு ஈடாகாது. அளவு சிறிது மிகினும் ஆபத்தாகும்.

சோதனைச்சாலையில் நல்ல குறி காட்டிய பல பொருள்கள் மனிதரிடம் தோற்றுள்ளன. கிங்கோ இலைச் சத்தை 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் பரிசோதித்த அமெரிக்க ஆய்வு, அது மறதி நோயைத் தடுக்கவில்லை என 2008இல் அறிவித்தது. சீனத்துச் செடியொன்றிலிருந்து கிடைக்கும் ஹூப்பர்சின் ஏ, 2011இல் வெளியான சோதனையில், நாளொன்றுக்கு இருமுறை 200 மைக்ரோகிராம் வீதம் அளித்தும் அறிவாற்றலில் பயன் காட்டவில்லை. மஞ்சளில் உள்ள குர்க்குமினோ குடலிலிருந்து இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்கிறது. பாத்திரத்தில் பொரிந்த கடுகெல்லாம் இலைக்கு வருவதில்லை என்பது போலத்தான் இதுவும்.

நீர்ப்பிரமியின் நிலை இடைப்பட்டது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தினர் இதிலுள்ள பாக்கோசைடு என்னும் பொருள்களை நெடுங்காலம் ஆராய்ந்து, எலிகள் கற்பதை அவை விரைவுபடுத்துவதாகக் கண்டனர். உடல்நலமுள்ள மனிதரிடம் 12 வாரம் வரை நடந்த சில சோதனைகளில் நினைவாற்றல் ஓரளவு மேம்பட்டது. ஆனால் ஆல்சைமர் நோயாளிகளிடம் நடந்த சோதனைகள் சிறியனவாகையால், அது நோயை மாற்றும் என்று கூற இன்னும் போதிய சான்று இல்லை. வயிற்றுக் கோளாறு இதன் பக்க விளைவு. மேலும் இச்செடி தான் வளரும் நீரிலுள்ள காட்மியம் முதலிய கன உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் இயல்பினது. கழிவுநீர் கலக்கும் வாய்க்காலில் பறித்தது உணவுக்கு ஆகாது.

களப் பணியாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மறதிக்கெல்லாம் ஆல்சைமர் நோய் காரணமன்று. தைராய்டு சுரப்பிக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி உண்டாகும். இவற்றைக் கண்டறிந்து சிகிச்சை செய்தால் பெரும்பாலும் தேறலாம். இலைச்சாறு கொடுத்து ஆறு மாதம் காத்திருக்கும் குடும்பத்தார் இத்தகைய வாய்ப்பை இழக்கின்றனர். பழகிய வழியைத் தவறவிடுதல், பணத்தை எண்ணத் தடுமாறுதல், கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்டல் ஆகியவை தோன்றினால், முதியவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லச் சொல்ல வேண்டும். அப்பொழுது வீட்டில் கொடுத்துவரும் இலையில் ஒரு கொத்தையும், கூடுமாயின் பூவுடன், மருத்துவரிடம் காட்டுவது நலம். பிரம்மி என்று பெயரை மட்டும் சொன்னால், எந்தச் செடி என்பது அவருக்கு விளங்காது.