ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடிச்சாச்சு... அப்ரண்டிஸ் காலத்தில் ஜெயிப்பது எப்படி?

உவரியிலிருந்து கடலோரமாகத் தென்மேற்கே போனால், தலா 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு இயங்கும் கூடங்குளம். வள்ளியூர் பக்கம் திரும்பினால் வரிசையாகக் காற்றாலைகள். கடலுக்குப் போகாமல் கரையிலேயே ஒரு தொழில் வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு எலக்ட்ரீஷியன் டிரேடு நல்ல வழிதான். ஆனா, 2 வருட ஐடிஐ படிப்புக்குப் பிறகு வரும் அப்ரண்டிஸ் காலத்தில்தான் நிஜமான பாடம் ஆரம்பிக்கிறது.

முதல்ல பேப்பர்!

1961 அப்ரண்டிஸ் சட்டப்படி உங்கள் ஒப்பந்தம் பதிவாகி இருக்க வேண்டும். சேர்ந்த உடனே அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டலில் பாருங்க. பதிவு இல்லையென்றால், முடிவில் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்காது. பயிற்சியின்போது விபத்தில் காயம்பட்டால் இழப்பீடு தருவது நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால், பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. அதனால்தான் சான்றிதழ் முக்கியம்.

டெஸ்டர் எரியலைன்னா கரண்ட் இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. டெஸ்டரே பழுதாகி இருக்கலாம். சப்ளையை ஆஃப் செய்து, வேறு யாரும் ஆன் செய்யாதபடி பூட்டுங்க. கரண்ட் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் டெஸ்டரைச் சோதிங்க. பிறகு வேலை செய்யும் இடத்தில் வைங்க. கடைசியாக மறுபடியும் முதல் இடத்தில் வைத்துப் பாருங்க. மூன்றும் சரியென்றால் மட்டும் கை வைக்கலாம். "சும்மா தொடுடா" என்று சீனியர் அவசரப்படுத்தினாலும், "அண்ணே, ஆஃப் பண்ணிட்டு வாரேன்" என்று சொல்லக் கூச்சப்படாதீங்க. வீட்டு சப்ளையின் 230 வோல்ட்டே உயிரை எடுக்கப் போதும்.

உப்புக்காத்து சொல்லித் தரும் பாடம்

கடற்கரை ஊர்களில் உப்பு படிந்து, ஈரம் இழுத்து, டெர்மினல்கள் அரிக்கும். இணைப்பு லூசானால் அந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடி, சூடேறி, கருகும். எனவே பொருளை மாற்றுவதற்கு முன் ஸ்க்ரூவின் இறுக்கத்தையும் எர்த்தையும் பாருங்க. வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால், அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி அது டிரிப் ஆகிறதா என்று பார்க்கப் பழகுங்க.

பாக்கெட்டில் ஒரு நோட்டு

தினமும் மூணு வரி போதும்: என்ன பழுது, ஏன் வந்தது, எப்படிச் சரியானது. "இன்டர்வியூ"வில் என்ன வேலை தெரியும் என்று கேட்டால், சான்றிதழோடு காட்ட உங்களிடம் அந்த நோட்டும் இருக்கும்.