உங்களுக்குத் தெரியுமா? தஞ்சைப் பயிருக்காகச் சிறைப்பட்ட சென்னை ஆளுநர்

சென்னை ஆளுநர் பிகட் பிரபுவை 1776 ஆகஸ்ட் 24 அன்று கைது செய்தவர்கள் அவருடைய சொந்த ஆலோசனைச் சபையினரே. காரணம், தஞ்சாவூர்!

• 1773-இல் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் துணையோடு தஞ்சையைப் பிடித்தார் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. அவரோ கும்பினி ஊழியர்களிடமே பெருங்கடன் பட்டிருந்தார்.

• அவர்களில் ஒருவரான பால் பென்ஃபீல்டு, தஞ்சை வரியும் வயலில் நின்ற பயிரும் தம் கடனுக்கு ஈடு என்றார். கேட்ட தொகை சுமார் 2,34,000 பவுண்டு. எவ்வளவு பெரிய அநியாயம்! உழுதவர்கள் வாங்கிய கடனா அது?

• 1776 ஏப்ரலில், நாட்டை இழந்திருந்த துளஜா மன்னருக்கே தஞ்சையைத் திருப்பித் தந்தார் பிகட். கடன் கொடுத்தவர்கள் கொதித்தார்கள்; சபையின் பெரும்பான்மையும் அவர்கள் பக்கம் நின்று பிகட்டைச் சிறைவைத்தது.

• 1777 மே மாதம் காவலிலேயே பிகட் இறந்தார்.

• நவாபின் கடன்களை 1785-இல் லண்டன் நாடாளுமன்றத்தில் தோலுரித்துக் காட்டியவர் அதன் உறுப்பினர் எட்மண்ட் பர்க்.