நாகூரில் தங்கப் போறீங்களா? ஷிபா குண்டா குளியல் பற்றி தெரிஞ்சுக்கோங்க!

ஜப்பானில் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்காகவே ஓட்டலில் ரூம் போடுவாங்க. அங்கே 1948ஆம் ஆண்டு சட்டப்படி, ஊற்று நீர் 25 டிகிரி செல்சியஸாவது இருக்கணும். இல்லைன்னா, குறிப்பிட்ட தாதுக்கள் இருக்கணும்.

நாகூரிலும் குளியலுக்காக வந்து தங்குபவர்கள் உண்டு. ஆனால், தர்காவின் ஷிபா குண்டா வெந்நீர் ஊற்று இல்லை, குளம்தான். 'ஷிபா' என்ற அரபுச் சொல்லுக்கு நோய் குணமாதல் என்று பொருள். அந்த நம்பிக்கையில்தான் மத வேறுபாடின்றி பலரும் மொட்டை போட்டு, குளத்தில் முங்கி எழுந்து, ஷாகுல் ஹமீது ஆண்டவர் அடக்கத்தலத்துக்குச் செல்கின்றனர்.

ரூம் எப்போது கிடைக்கும்?

14 நாள் கந்தூரி விழாவில் ரூமுக்கு கடும் கிராக்கி. பிறைக் கணக்குப்படி நடப்பதால், விழா ஒவ்வொரு ஆண்டும் சுமார் 11 நாள் முன்னதாகவே வந்துவிடும். போன வருஷத் தேதியை நம்பிக் கிளம்பினால் ஏமாற்றம்தான். வியாழக்கிழமைகளிலும் கூட்டம் அதிகம். இடம் கிடைக்கலையா? சில கிலோமீட்டரில் நாகப்பட்டினம் இருக்கு.

நோயாளியுடன் வருபவர்கள் கவனத்துக்கு: குளியல் நம்பிக்கை சார்ந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.