சாமி கும்பிடாத பிள்ளைக்கும் இடம் வேண்டும்

ஆயுத பூஜை நெருங்கினால் நம் ஊர்ப் பொறியியல் கல்லூரி லேபுகளில் லேத் மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் ஏறிவிடும். பொரி, கடலை, சுண்டல் தயாராகும். துறைத் தலைவர் கற்பூரம் காட்டியதும் மாணவர்கள் வரிசையாக வந்து கும்பிடுவார்கள். மிஷனரி கல்லூரி என்றால் காலை ஜெபம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சந்தோஷம், அது இருக்கட்டும். அந்த வரிசையில் கடவுள் நம்பிக்கை இல்லாத பிள்ளையும் நிற்கிறது. விலகிப் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில் நிற்கிறது.

பயம் இன்டர்னல் மார்க்கைப் பற்றியது. கற்பூரம் காட்டுகிறவரும், தேர்வுக்கு முன்பே மார்க் போடுகிறவரும் ஒருவரே. அவர் பழிவாங்க வேண்டும் என்பதில்லை. வாங்கிவிடுவாரோ என்ற சந்தேகமே ஒரு மாணவியைத் திருநீறு பூசிக்கொள்ள வைத்துவிடும். தான் நினைப்பதை மறைத்து மூன்று, நான்கு வருடம் நடிக்கப் பழகிய பிள்ளை, வகுப்பில் மட்டும் எழுந்து கேள்வி கேட்குமா? என் கவலை இதுதான்.

அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு தெளிவாக இருக்கிறது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிலையத்தில் படிக்கும் யாரையும், அவர் சம்மதமின்றி வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால், 18 வயது நிரம்பாதவருக்காகச் சம்மதம் தருவது பெற்றோர் அல்லது காப்பாளர். முதலாம் ஆண்டில் சேரும் பலருக்கு 17 வயதுதான். தன் நம்பிக்கையைப் பற்றித் தீவிரமாக யோசிக்கத் தொடங்கும் அந்த வயதில் முடிவு அப்பா கையில். ஹாஸ்டல் பிள்ளைக்கு நிலைமை இன்னும் மோசம். வார்டனிடமிருந்து வீட்டுக்கு ஒரு போன் போனால் போதும், படிப்பை நிறுத்து என்ற பேச்சு வந்துவிடும். பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சும் கூடவே வரும்.

இத்தனைக்கும், பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் இல்லை என்று குறிப்பிட அனுமதிக்கும் அரசாணை தமிழ்நாட்டில் 1973லேயே வந்துவிட்டது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976ல் அரசியல் சாசனத்திலும் சேர்த்தார்கள்.

பூஜையும் ஜெபமும் கல்லூரிப் பண்பாட்டின் பகுதி, யாரையும் புண்படுத்த அல்ல என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. பல இடங்களில் அது உண்மையாகவே இருக்கலாம்.

அப்படியானால் விலகி நிற்கவும் வழி இருக்க வேண்டும். பேராசிரியர்களே, பூஜைக்கோ ஜெபத்துக்கோ வர விருப்பமில்லாதவர்கள் நூலகத்துக்குப் போகலாம், வருகைப்பதிவு குறையாது என்று முதல் வாரமே வகுப்பில் அறிவித்துவிடுங்கள். பெற்றோர்களே, கல்லூரியிலிருந்து போன் வந்தால் முதலில் பிள்ளையிடம் பேசுங்கள். ஃபீஸை நிறுத்திவிடாதீர்கள்.