நம்ம பள்ளிக்கு எந்த ஸ்பீக்கர் பெட்டி வாங்கலாம்?



நம் பள்ளிப் பாட்டுக் குழுவில் எட்டுப் பேர் பாடுகிறோம். பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர் கிடார் வாசிக்கிறார். மரத்தடியில் பாடினால் முன்னாடி இரண்டு வரிசைக்குத்தான் கேட்கிறது. ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி இருக்கிறாள். குழுவிலேயே நன்றாகப் பாடுவது அவள்தான். ஆனால் குரல் ரொம்ப மெல்லிசு. ஆண்டு விழாவுக்கு வரும் பாட்டிமார் கடைசியில் உட்கார்ந்து அவள் வாயசைவதை மட்டும்தான் பார்க்கிறார்கள். வாடகைக்கு மைக் செட் எடுத்தாலும் கரண்ட் போனால் அதுவும் போச்சு.

இதற்காகப் பெற்றோர் ஆசிரியர் கழகமும் நாமும் சேர்ந்து 9,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். அதில் நம்ம உண்டியல் காசும் இருக்கிறது. இப்போது வாங்கிவிட்டால் இன்னும் பல வருஷத்துக்கு வேறு வாங்க முடியாது. கலர் லைட் எரிகிற பெரிய பெட்டிதான் வேணும் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் எங்க மாமாவிடம் கேட்டதையும், ஒன்பதாம் வகுப்பு ஒலிப் பாடத்தில் படித்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

1. பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

நாம் பாடும்போது காற்று அதிர்கிறது. மைக்குக்குள் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. அது அதிரும்போது அதோடு ஒட்டிய கம்பிச் சுருள் ஒரு காந்தத்துக்குள் முன்னும் பின்னும் போகிறது. காந்தத்துக்குள் சுருள் அசைந்தால் மின்சாரம் உண்டாகும் என்று மின்காந்தவியல் பாடத்தில் படித்தோம் அல்லவா? அதேதான். ஆனால் கிடைப்பது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். அதைப் பெரிதாக்குவது ஆம்ப்ளிபயர். பெரிதான மின்சாரம் ஸ்பீக்கரில் இருக்கும் சுருளை ஆட்டுகிறது. சுருள் காகிதக் கூம்பை ஆட்ட, கூம்பு காற்றைத் தள்ள, நமக்குக் கேட்கிறது. ஆக, மைக் செய்யும் வேலையைத்தான் ஸ்பீக்கர் தலைகீழாகச் செய்கிறது.

2. குரலுக்கு ஒரு வழி, கிடாருக்கு ஒரு வழி

நமக்கு வேண்டிய பெட்டியில் குறைந்தது இரண்டு துளை இருக்கணும். அதைவிட முக்கியம், இரண்டுக்கும் தனித்தனி வால்யூம் திருகு இருக்கணும். ஒரே திருகு என்றால், சாம்பாருக்குப் போட்ட உப்பையே பாயசத்துக்கும் போட்ட கதைதான். கிடாரைக் குறைத்தால் குரலும் குறைந்துவிடும்.

நம்ம அண்ணனின் கிடாரில் பின் சொருகும் துளை இல்லை. அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, இன்னொரு மைக்கைக் கிடாருக்கு முன்னால் வைப்பது. வட்ட ஓட்டைக்கு நேராக வைத்தால் 'டம் டம்' என்று அடிக்கும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்து வைத்தால் தந்தி ஓசை தெளிவாக வரும்.

இன்னொன்று, கிடாரின் மேல் ஒட்டும் சின்னப் பிக்கப். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று 1880-ல் கண்டுபிடித்தவர்கள் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற அண்ணன் தம்பி. இந்தப் பியேர்தான் பின்னாளில் மேரி கியூரியின் கணவர். அதே முறையில்தான் இந்தப் பிக்கப் வேலை செய்கிறது. இதை மைக் துளையில் சொருகினால் ஓசை சப்பென்று இருக்கும். உள்ளே நுழையும் இடத்தில் தடை மிக அதிகமாக, சுமார் 10 லட்சம் ஓம் அளவுக்கு இருக்கணும். கிடார் என்று எழுதியிருக்கும் துளையில்தான் அப்படி இருக்கும்.

கடையில் 'கிடார் ஆம்ப்' என்று சின்னப் பெட்டி காட்டுவார்கள். எலக்ட்ரிக் கிடாருக்கா, சாதாரணக் கிடாருக்கா என்று கேளுங்கள். எலக்ட்ரிக் கிடாருக்கான ஸ்பீக்கர் உச்ச ஓசைகளைச் சரியாகத் தராது. அதில் பாடினால் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி இருக்கும்.

3. வாட்ஸைப் பார்த்து ஏமாறாதீங்க!

சில பெட்டிகளின் அட்டையில் 10,000 வாட்ஸ் என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருக்கும். அதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. நாம் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். அதுதான் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி.

நம்ம கணக்கைப் போட்டே பார்க்கலாம். 12 வோல்ட் பேட்டரியில் 10,000 வாட் எடுக்கணும் என்றால் 10,000-ஐ 12 ஆல் வகுக்க வேண்டும். 833 ஆம்பியர் வருகிறது! அந்தச் சின்ன பேட்டரியும் மெல்லிய ஒயரும் அதைத் தாங்குமா? நீங்களே சொல்லுங்கள்.

4. எவ்வளவு தூரம் கேட்கும்?

1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்வோம். சக்தி 10 மடங்கானால் 10 டெசிபல் கூடும். அதாவது 10 வாட்டுக்கு 100 டெசிபல். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும்.

1 மீட்டர் – 100
2 மீட்டர் – 94
4 மீட்டர் – 88
8 மீட்டர் – 82
16 மீட்டர் – 76

நாம் பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். நம்ம மரத்தடியில் கடைசி வரிசை 16 மீட்டருக்குள்தான் இருக்கிறது. அப்படியென்றால் 10 வாட்டே அங்கு போய்ச் சேருகிறது. கூட்டத்தில் குழந்தைகள் சத்தமும் இருக்கும் என்பதால் 20 முதல் 30 ஆர்.எம்.எஸ். வாட் இருந்தால் தாராளம். 20-ஐ 40 ஆக்கினால் இரண்டு மடங்கு கேட்காது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சக்தியைப் பத்து மடங்கு ஆக்கணும்.

தெருவில் பாடுகிறவர்களுக்காக ரோலண்ட் கம்பெனி செய்த கியூப் ஸ்ட்ரீட் என்ற பெட்டி வெறும் 5 வாட்தான். கடிகாரத்தில் போடுகிற மாதிரி ஏ.ஏ. பேட்டரி ஆறு போட்டால் பாடும். மைக்குக்கும் கிடாருக்கும் தனி வழி உண்டு. நம்ம பணத்துக்கு அது எட்டாது. ஆனால் பெட்டி எப்படி இருக்கணும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

5. 'சொல்வதை எழுதுதல்' சோதனை

சத்தம் வந்தால் போதுமா? வார்த்தை புரிய வேண்டாமா? மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஓசைகளில் இருக்கிறது. பாஸ் மட்டும் தூக்கலாக இருக்கும் பெட்டியில் அது அமுங்கிப்போகும்.

இதற்கு நாங்கள் ஒரு சோதனை செய்தோம். பல்லி, பள்ளி, கலை, களை, கழை, வலி, வழி, வளி, தலை, தழை என்று பத்துச் சொல். தங்கை மைக்கில் சொல்ல, 16 மீட்டரில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதினோம். மாமாவின் 15 அங்குல ஸ்பீக்கர் பெட்டியில் நான் எழுதியதில் பத்துக்கு 6 சரி. அவரிடமே இருக்கும் 8 அங்குலச் சின்னப் பெட்டியில் 9 சரி! பெரிய பெட்டி எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. "கண்ணால பாத்து வாங்காத பாப்பா, காதால கேட்டு வாங்கு" என்று மாமா சொன்னது அப்போதுதான் நன்றாக விளங்கியது. கடையிலும் இதைச் செய்யலாம். எக்கோ திருகைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுக் கேட்கணும். எக்கோ எல்லாக் குரலையும் அழகாகக் காட்டி ஏமாற்றிவிடும்.

6. பேட்டரி

பல பெட்டிகளில் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி இருக்கிறது. 12 × 7 = 84 வாட் மணி. பெட்டி 20 வாட் எடுத்தால் கணக்குப்படி 4 மணி நேரம். நடைமுறையில் குறையும், 3 மணி என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டு விழாவுக்குப் போதும். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் இருக்கும் அதே அளவு பேட்டரி என்பதால் மாற்றுவதும் சுலபம். இந்த ஈய அமில பேட்டரியைத் தீர்ந்தபடியே போட்டுவைத்தால் கெட்டுவிடும். கோடை விடுமுறையிலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போட ஆள் வேண்டும். லித்தியம் பேட்டரி எடை குறைவு. ஆனால் கெட்டுப்போனால் மாற்று எங்கே கிடைக்கும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளணும்.

7. 'கூ...' என்று ஊளையிடுவது ஏன்?

ஸ்பீக்கரில் வரும் ஓசை திரும்ப மைக்குக்குள் போய், பெரிதாகி, மறுபடி ஸ்பீக்கரில் வந்து, மறுபடி மைக்குக்குள் போகிறது. அதுதான் ஊளை. விலை உயர்ந்த பெட்டியும் இப்படிக் கத்தும். பெட்டியைப் பாடுபவருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து வைக்கணும். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து வால்யூமைக் குறைக்கணும். இதற்குக் காசே செலவில்லை.

கடையில் கேட்க வேண்டியவை (எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்)

* ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எத்தனை?
* மைக்குக்கும் கிடாருக்கும் தனித் துளை, தனித் திருகு உண்டா?
* பாஸ், ட்ரிபிள் திருகு உண்டா?
* பேட்டரி எந்த அளவு? மாற்ற முடியுமா?
* இரண்டு மாணவிகள் தூக்க முடியுமா? (நம்ம மைதான மணலில் சக்கரம் ஓடாது!)
* பில்லும் உத்தரவாத அட்டையும் தருவீர்களா?
* எங்கள் கிடாரையும் தங்கையையும் கூட்டிவந்து சோதித்துப் பார்க்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முடியாது என்று சொல்லும் கடையில் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

'காசுக்கு ஒரு குதிரையும் வேணும், அது காற்றாய்ப் பறக்கவும் வேணும்' என்று பழமொழி சொல்வார்கள். 9,000 ரூபாயில் கலர் லைட்டும் பெரிய பெட்டியும் தெளிவான குரலும் மூன்றும் கிடைப்பது கஷ்டம். ஒன்றை விடணும் என்றால் லைட்டை விடலாம், பெரிய பெட்டியையும் விடலாம். குரலை விடக்கூடாது. வரும் வெள்ளிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் நடக்கிறது. உங்கள் கருத்தைத் துண்டுத்தாளில் எழுதி இந்தப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். கலர் லைட் பெட்டிதான் வேணும் என்பவர்களும் காரணத்தோடு எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு