மீண்டும் வரையத் தொடங்குவோருக்கு எந்த மென்பொருள்?

ஓவியம் வரைவதை இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்டு, இப்போது மீண்டும் தொடங்க விரும்புவோர் பலரை அறிவேன். நானும் அவர்களில் ஒருவன். அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமர் கோயிலின் தூண் சிற்பங்களைப் பென்சிலால் வரைந்து பழகிய நான், இன்று கணினியில் வரைகிறேன். எந்த மென்பொருளைத் தேர்வது என்று கேட்போரிடம் முதலில் பேசுவது 'இலவசம்' என்ற சொல்லைப் பற்றித்தான்.

விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு. கைப்பேசிச் செயலிகள் பல விலையின்றிக் கிடைத்தாலும் இடையிடையே விளம்பரம் காட்டும். நல்ல தூரிகைகளுக்குப் பணம் கேட்கும். கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறருக்குத் தரலாம். இன்று நம் கணினியில் இருக்கும் பதிப்பை நாளை எந்த நிறுவனமும் பறிக்க இயலாது. இது வெறும் கொள்கைப் பேச்சன்று. சந்தா செலுத்தி நான் பயன்படுத்திய ஒரு மென்பொருளில் வரைந்த படங்களை, சந்தா முடிந்த மறுமாதம் திருத்த முடியாமல் போயிற்று. படம் என்னுடையது, அதைத் திறக்கும் சாவி மட்டும் என்னிடம் இல்லை.

கட்டற்றவற்றுள் கிம்ப் பலரும் அறிந்த பெயர். பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் உருவாக்கி, 1996-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அது, அடிப்படையில் படம் திருத்தும் கருவி. பழைய கோட்டோவியத்தை ஸ்கேன் செய்து கறை நீக்க அது போதும். வெற்றுத் திரையில் வரைவதற்கு நான் பரிந்துரைப்பது கிரிட்டா. பிரெஞ்சு ஓவியர் டேவிட் ரெவோய் 'பெப்பர் அண்ட் கேரட்' என்ற சித்திரக்கதைத் தொடரை 2014 முதல் இதில்தான் வரைந்து வருகிறார்.

நெடுநாள் வரையாத கை நடுங்கும். அந்த நடுக்கத்தைத் தணித்துக் கோட்டைச் சீராக்கும் வசதி கிரிட்டாவில் உண்டு. அதன் அளவை மிகக் கூட்டினால் கோடு கைக்குப் பின்னால் இழுபட்டு வரும். கை பழகப் பழகக் குறைத்துக்கொள்ளலாம். பலதூரிகைக் கருவி என்று ஒன்று இருக்கிறது. எட்டு என்று எண்ணைக் கொடுத்து ஓர் இதழை வரைந்தால், மையத்தைச் சுற்றி எட்டு இதழ்களும் தாமே விழும். மார்கழியில் வாசலில் கோலமிட்டுப் பழகியவர்கள் அதை விட்டு எளிதில் எழமாட்டார்கள்!

சேலத்துக் கொலுசுப் பட்டறைகளுக்கு வடிவம் வரைபவருக்கு இங்க்ஸ்கேப் ஏற்றது. அது கோடுகளைக் கணக்காக நினைவில் வைக்கிறது. நகத்தளவு வடிவைச் சுவரளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாது.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகள் பெற்ற பழைய மடிக்கணினி வீட்டில் கிடக்கலாம். அதில் வரைய முடியுமா? ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வைத்தால் 2,480-க்கு 3,508, அதாவது ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால், முழுதும் நிரம்பிய ஓர் அடுக்குக்கு 35 மெகாபைட். பத்து அடுக்குகளுக்கு 350. செய்ததை மீட்கும் வசதிக்கும் தனியே நினைவகம் வேண்டும். எனவே 2 ஜிபி நினைவகமுள்ள கணினியில் 150 புள்ளி வீதமும் நான்கைந்து அடுக்குகளுமாகத் தொடங்குவது நன்று. புள்ளி வீதத்தைப் பாதியாக்கினால் நினைவகத் தேவை நான்கில் ஒன்றாகக் குறையும்.

கிரிட்டாவை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள விலை இல்லை. மைக்ரோசாஃப்டின் இணையக் கடையில் விலை உண்டு. அது கிரிட்டாவின் வளர்ச்சிக்கே உதவுகிறது என்பதால் இயன்றவர் தரலாம்.

படங்களைக் கிரிட்டாவின் சொந்த வடிவில் ஒன்றும், ஓப்பன்ராஸ்டர் என்னும் பொதுவடிவில் ஒன்றுமாகச் சேமிக்கிறேன். இரண்டாவதைக் கிம்ப்பிலும் அடுக்குகள் கலையாமல் திறக்கலாம். கிரிட்டாவுக்கே உரிய சில விளைவுகள் மட்டும் அங்கே தங்கா.